தோன் பல்தசாரின் நேரடி வாரிசு

பூமியைச் சுற்றிக் கப்பல் விட்ட மாவீரர்கள் பலர் இருக்கலாம். ஆனால் ஒரு தீவின் மேல் கொண்ட அன்பால் சொந்த நாட்டையும் அரச பதவியையும் துறந்து, அந்தத் தீவிலேயே மீளாத் துயில் கொண்டவர் ஸ்பானியக் கடலோடி தோன் பல்தசார் தெ ஓல்மேதோ ஒருவர்தான். 1607ஆம் ஆண்டு அவருடைய வலது கால் நரித்திட்டின் மணலில் பதிந்த நொடியில்தான் கீழ்த்திசையின் வரலாறு கண் விழித்தது. கடல்வழி மாண்பு மீட்பு மன்றத்தின் முதல் வெளியீட்டில், முதல் பக்கத்தில், தங்க நிற எழுத்தில் இப்படித்தான் அச்சாகியிருக்கிறது.

நரித்திட்டு, ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே ஏரிக்குள் கிடக்கிற ஒரு மணல்மேடு. ஐந்து பனைமரம், கொஞ்சம் வேலிக்கருவை. சித்திரையில் தண்ணீர் வற்றினால் ஆடுகள் நடந்தே போய் மேய்ந்துவிட்டு வரும். முதலில் வைத்தது வலது காலா இடது காலா என்று ஆடுகளை யாரும் கேட்டதில்லை.

மன்றத்தின் தலைவர் அப்பாவு. முன்னாள் ஊராட்சித் தலைவர். நஞ்சையில் பாதியை இரும்பு ஆலைகளுக்கு விற்று முடித்தபோது அவரிடம் எல்லாம் இருந்தது; வரலாறு மட்டும் இல்லை. பக்கத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரன் கல்லறையைப் பார்க்கக் கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள், நம் ஊருக்கு யார் வருகிறார்கள் என்கிற ஏக்கம் அவரை அரித்தது. ஒன்பது பேர் கொண்ட மன்றம் பிறந்தது. எட்டுப் பேர் உறவினர். ஒன்பதாமவர் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்பட்ட ஆய்வு இயக்குநர், முனைவர் அன்புசெல்வன்.

அன்புசெல்வன் ஏதோ ஒரு பழைய கடற்பயண நூலில், 1607இல் தோன் பல்தசார் என்பவர் ஓட்டிய ஸ்பானியக் கப்பல் புயலில் வழிதவறி 'மணலும் கெட்ட தண்ணீரும் உள்ள சிறு தீவில்' ஒதுங்கியது என்ற ஒரு வரியைக் கண்டெடுத்தார். "மணலும் கெட்ட தண்ணீரும் ஒருசேர அமைந்த தீவு உலகத்தில் வேறெங்கே இருக்கிறது?" என்று மன்றத்தில் கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. ஆகவே அது தீர்மானமாக நிறைவேறியது.

மறுநாள் படகேறிப் போய்ப் பார்த்ததில் கல்லறையும் கிடைத்துவிட்டது. திட்டில் நாற்பது ஐம்பது மண்மேடுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சிமென்ட் பூசி, மேலே டைல்ஸ் ஒட்டியிருந்தது. வெள்ளைப் பரப்பில் நீலப் பூ. அன்புசெல்வன் மண்டியிட்டுத் தடவிப் பார்த்து, "செவில் நகரத்துச் சூளை. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதி. இந்த நீலத்தை இன்று யாராலும் செய்ய முடியாது" என்றார். சுற்றியிருந்த மண்மேடுகள் மாலுமிகளுடையவை என்பது அங்கேயே, நின்ற நிலையிலேயே முடிவாயிற்று.

திட்டை மன்றம் குத்தகைக்கு எடுத்தது. கம்பிவேலி வந்தது, பூட்டு வந்தது, 'தோன் பல்தசார் தீவு, அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்' என்று பலகை வந்தது.

யேசுதாஸுக்கு இது எதுவும் தெரியாது. அவன் தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலையில் ஷிப்டு பார்ப்பவன். நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள் அன்று, வழக்கம்போல் அம்மா கங்கம்மாவையும் ஒரு பாக்கெட் மெழுகுவத்தியையும் படகில் ஏற்றிக்கொண்டு அப்பாவைப் பார்க்க வந்தான். வேலி தடுத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் காக்கிச் சட்டையில் காவலாளி நின்றான். பார்த்தால், காலனியில் நாலு வீடு தள்ளி இருக்கிற ஸ்டீபன்.

"இன்னாடா இது? கதவத் தொற."

"முடியாது மச்சான். உள்ள வெள்ளைக்காரன் தூங்குறானாம்."

"அது எங்க நைனாடா! நீயுந்தான குழி வெட்டுன!"

"வெட்டுனேன். இல்லன்னா சொல்றேன்? அந்தாண்ட கீறது எங்க பெரியப்பா. அவுர இப்ப கப்பல்ல சமையக்காரன்னு எழுதி வச்சிக்கீறாங்க. டூட்டி மச்சான், பேஜாரு பண்ணாத."

கங்கம்மா வேலிக் கம்பியில் மெழுகுவத்தியைச் செருகிப் பற்ற வைத்தாள். காற்றில் அணைந்தது. மறுபடி வைத்தாள். பலகையின் அடியில் சின்ன எழுத்தில் இருந்ததை ஸ்டீபன் தலையைக் குனிந்துகொண்டு படித்துக் காட்டினான்: மாசி மாதத்தில் கல்லறை திறக்கப்பட்டு, மாவீரரின் எலும்புகள் தலைவர் இல்லத்துக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டியில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்.

யேசுதாஸின் அப்பா அந்தோணி, மன்றத் தலைவர் அப்பாவுவின் பண்ணையில் இருபத்திரண்டு வருஷம் மாடு கழுவியவர். தலைவர் முன்னால் நிற்கும்போது செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும், தலைத்துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும், வலது கை வாயைப் பொத்த வேண்டும், "சொல்லுங்கய்யா" என்பதைத் தவிர வேறு சொல் வரக்கூடாது. பதினாறு வருஷத்துக்கு முன் அவர் செத்தபோது பிணம் பெரிய தெரு வழியாக ஊர் இடுகாட்டுக்குப் போகக் கூடாது என்றார்கள். ஐப்பசி மழையில், தெருமுனையில், பாடையோடு இருபது நிமிடம் நிறுத்தி வைத்திருந்தார்கள். அன்று ஊராட்சித் தலைவராக இருந்த அப்பாவு குடை பிடித்து வந்து, "திருப்பிக்கினு போங்கடா" என்று ஒரே வரியில் தீர்ப்பு சொன்னார். திரும்பினார்கள். படகில் ஏற்றித் திட்டில் புதைத்தார்கள். கங்கம்மா எங்கிருந்தோ வாங்கி வைத்திருந்த டைல்ஸை யேசுதாஸ் தன் கையாலேயே ஒட்டினான். மரச் சிலுவையும் பெயரும் இருந்தன. ஒரு புயல் அவற்றைக் கொண்டுபோயிற்று.

மன்ற அலுவலகம் அப்பாவுவின் பழைய நெல் மில்லில் இருந்தது. யேசுதாஸ் போய் நின்றான். அன்புசெல்வன் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்கள் அந்தோணி என்பவரின் மகன் என்பதற்கு என்ன ஆதாரம்?"

"எங்கம்மா கீது சார். கேளுங்க."

"தாயின் வாய்மொழி, ஆய்வுலகில் மூன்றாம் தரச் சான்று. வாரிசுச் சான்றிதழ் இருக்கிறதா?"

அங்கேதான் சிக்கல். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. அதற்கு இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். இறப்புச் சான்றிதழுக்குப் புதைத்ததற்கான ஊராட்சி ரசீது கேட்டார்கள். ஊர் இடுகாட்டில் புதைக்காத ஆளுக்கு ஊராட்சி எப்படி ரசீது தரும் என்று அப்போதைய தலைவர் அப்பாவு நியாயமாகக் கேட்டார். ஆக, காகிதப்படி அந்தோணி இன்னும் சாகவில்லை. போன தேர்தலிலும் வாக்காளர் பட்டியலில் இருந்தார். யாரோ அவர் சார்பில் வந்து ஓட்டும் போட்டுவிட்டுப் போனார்கள்.

"சாகாத ஒருவருக்குக் கல்லறை இருக்க முடியாது" என்றார் அன்புசெல்வன். "இது தர்க்கம்."

உள்ளறையிலிருந்து அப்பாவு குரல் கொடுத்தார். "யாருபா அது? அந்தோணி பையனா? இன்னாவாம்? சரித்திரத்துல வந்து கால நீட்டுறானா? போவச் சொல்லு."

போனான். இரண்டு மாதம் ஆலையில் சிவக்கச் சிவக்க ஓடிவரும் கம்பியைப் பார்த்துக்கொண்டே யோசித்தான். பழுத்து வருகிற கம்பியை எதிரில் நின்று தடுக்க முடியாது. பக்கவாட்டில் நின்று, அது போகிற போக்கிலேயே வளைத்துவிட வேண்டும். இது ஆலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோரும் கற்றுக்கொள்வது.

தை மாதம் மன்றத்துக்கு ஒரு நெருக்கடி வந்தது. மரபுச் சின்ன அங்கீகாரத்துக்கு மேலிடத்திலிருந்து வந்த படிவத்தில் பதினாலாம் கட்டம்: 'மாவீரரின் வாழும் வழித்தோன்றல் — பெயர், முகவரி, இரு புகைப்படங்கள், கையொப்பம்.' வாரிசு இல்லையென்றால் அங்கீகாரம் இல்லை. அப்பாவு தன் மருமகனையே வாரிசாக்கலாம் என்றார். மருமகன், தான் ஸ்பானியனாக மாறினால் ஜாதிச் சான்றிதழ் என்ன ஆகும் என்று பயந்து மறுத்துவிட்டான்.

செய்தியை ஸ்டீபன்தான் கொண்டுவந்தான். யேசுதாஸ் மறுநாள் முகச்சவரம் செய்துகொண்டு மன்றத்துக்குப் போனான். அந்தக் குடும்பத்துக்குப் பூனைக்கண். அந்தோணிக்கும் அப்படித்தான், பண்ணையில் எல்லோரும் அதைச் சொல்லியே கேலி செய்வார்கள். போன முறை அவன் முகத்தைக்கூடப் பார்க்காத அன்புசெல்வன், வாரிசு தேவைப்பட்ட இந்த முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவன் கண்ணையே பார்த்தார்.

"இந்தக் கண்... இது எப்படி?"

"பரம்பர பரம்பரயா வருது சார். அந்தக் கல்லறையில படுத்துக்கீறவருக்கும் இதே கண்ணுதான்."

கங்கம்மாவை உடனே காரனுப்பி அழைத்து வந்தார்கள். நாற்காலி போட்டார்கள். அந்த மில்லில் முப்பது வருஷம் நெல் புடைத்தவள், அன்றுதான் அங்கே முதன்முதலாக உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்தக் கல்லறையில் இருப்பவர் உங்கள் குடும்பத்தவரா?"

"ஆமா."

"எப்படித் தெரியும்?"

"இன்னா கேள்வி கேக்குறீங்க? நாந்தான கட்டிக்கினேன்."

அன்புசெல்வன் கண் கலங்கி எழுதினார்: 'நானூறு ஆண்டுகளாகத் தாய்வழியில் கைமாறி வரும் நினைவு, இன்றும் தன்மை இடத்திலேயே சொல்லப்படுவது வியப்புக்குரியது. தாயின் வாய்மொழி முதல் தரச் சான்று.'

சான்றிதழை எப்படி எழுத வேண்டும் என்பதில் யேசுதாஸ் பிடிவாதமாக இருந்தான். "பேருல்லாம் அப்பால போட்டுக்கங்க சார். முதல்ல இப்புடி எழுதுங்க: நரித்திட்டுல நீல டைல்ஸ் கல்லறையில படுத்துக்கீறவரு யாரோ, அவுருக்கு யேசுதாஸ் நேரடி வாரிசு." முனைவருக்கு அந்த நடையில் தொன்மை தெரிந்தது. அப்படியே எழுதி, ஒன்பது பேரும் கையெழுத்திட்டு, மூன்று முத்திரை வைத்தார்கள். பதினைந்து வருஷம் நடந்தும் கிடைக்காதது, மதியம் இரண்டரைக்குத் தொடங்கி நாலேகாலுக்குக் கையில் வந்துவிட்டது. நடுவில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

பதினாலாம் கட்டத்தில் கையெழுத்துப் போடும் முன் அவன் மூன்று நிபந்தனை சொன்னான். கல்லறையைத் திறக்கக் கூடாது. வேலிச் சாவி ஒன்று வாரிசின் கையில் இருக்க வேண்டும். விழா நடந்தால் குடும்ப முறைப்படிதான் நடக்க வேண்டும்.

"இன்னா முறை?" என்றார் அப்பாவு. இப்போது 'டேய்' போய்விட்டிருந்தது.

"எங்க வம்சத்துல பெரியவங்க முன்னாடி நிக்கறதுக்கு ஒரு முறை கீதுங்கய்யா. செருப்பக் கழட்டிக் கக்கத்துல வச்சிக்கணும். துண்ட இடுப்புல கட்டிக்கணும். வலது கையால வாயப் பொத்திக்கினு, 'சொல்லுங்கய்யா'ன்னு மூணு தபா சொல்லணும். அப்பால நெடுஞ்சாண்கிடையா வுழுந்து டைல்ஸுல முத்தம் குடுக்கணும். வாரிசு 'போதும்'னு சொல்ற வரிக்கும் எழுந்திரிக்கக் கூடாது. ஊருலயே பெரிய மனுசன் யாரோ, அவுரு மட்டுந்தான் பண்ணலாம். மத்தவங்களுக்கு அந்தத் தகுதி இல்ல."

கடைசி வாக்கியம் வேலை செய்தது. அன்புசெல்வன், "ஐரோப்பிய அரசவை வணக்கம்! செருப்பைக் கையில் ஏந்துவது குதிரைப்படைப் பிரபுக்களின் வழக்கமாக இருந்திருக்க வேண்டும்" என்று குறிப்பெடுத்தார்.

பத்து நாள் அப்பாவு வீட்டில் பயிற்சி நடந்தது. அடுக்களை வாசலில் நின்று மனைவி ஜானகியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத எங்கயோ பாத்தா மாதிரி கீதே."

"நீ எங்க பாத்த? இது யூரோப்பு. உள்ள போ."

"நம்ம மாட்டுக் கொட்டாய் பக்கமே பாத்தா மாதிரி..."

"வாயப் பொத்துடி."

"நீங்கதான் பொத்திக்கினு நிக்கிறீங்க" என்றுவிட்டு உள்ளே போனாள். விழா மலரின் அட்டையில் நீலப் பூவைப் பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். அதை எடுத்துப் பார்த்தவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெகுநேரம் குலுங்கினாள். ஏன் என்று அப்பாவு கேட்கவில்லை. மனைவி சிரிப்பதற்குக் காரணம் கேட்கும் பழக்கம் அவருக்கு இருந்ததில்லை.

விழாவுக்கு ஸ்பெயின் நாட்டுப் பிரதிநிதி வேண்டும். தூதரகத்துக்கு எழுதிய நாலு கடிதத்துக்கும் பதிலில்லை. கடைசியில் தொழிற்பேட்டையில் ஒரு டைல்ஸ் கம்பெனிக்கு மெஷின் பூட்ட வந்திருந்த ஸ்பானிய மெக்கானிக் ஒருவர் அகப்பட்டார். பெயர் இக்னாசியோ. சாப்பாடு உண்டா என்று மட்டும் கேட்டுவிட்டு வரச் சம்மதித்தார். அழைப்பிதழில் 'ஸ்பெயின் நாட்டின் சிறப்புத் தூதுவர்' என்று போட்டார்கள்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஏழு படகில் நாற்காலி, மைக், மாலை, புகைப்படக்காரர் எல்லாம் போய் இறங்கின. வாரிசின் உறவினர் என்பதால் காலனியே உள்ளே அனுமதிக்கப்பட்டது. கல்லறையின் தலைமாட்டில் சிவப்பு வெல்வெட் நாற்காலி; அதில் வெள்ளை வேட்டி சட்டையில் யேசுதாஸ். பக்கத்தில் கங்கம்மா.

அப்பாவு பேசினார். "பெரியோர்களே! இங்கே உறங்குகிற இந்த மாமனிதர் நம்ம சாதியா, நம்ம மதமா, நம்ம தெருவா? இல்லை! ஆனாலும் நம்ம மண்ணில் அவருக்கு இடம் கொடுத்திருக்கிறோமா இல்லையா? வந்தவரைத் தெருவிலே நிறுத்தித் திருப்பி அனுப்புகிற வழக்கம் நம்ம ஊரிலே என்றைக்காவது உண்டா?"

கூட்டத்தின் பின்வரிசையில் ஸ்டீபனுக்கு இருமல் வந்தது. நிற்கவேயில்லை. அவனைத் தண்ணீர்க்கரைக்கு அழைத்துக்கொண்டு போனார்கள்.

"செத்த மனுசனுக்கு ஆறடி மண்ணு தர மறுக்கிறவன் மனுசனே இல்லை" என்று முடித்தார் தலைவர். கைதட்டலில் காலனியின் கைகள்தான் அதிகம் கேட்டன.

பிறகு முறை. அப்பாவு செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினார். தோளிலிருந்த பட்டுத் துண்டை இடுப்பில் இறுக்கினார். வலது கையால் வாயைப் பொத்தினார்.

"சொல்லுங்கய்யா."

அந்தோணி ஒன்றும் சொல்லவில்லை.

"சொல்லுங்கய்யா. சொல்லுங்கய்யா."

விழுந்தார். நீலப் பூவில் உதட்டைப் பதித்தார். கேமராக்கள் மின்னின. யேசுதாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று பத்து. ஐந்து நிமிடம் போயிற்று. வெயில் ஏறியது. எறும்பு ஒன்று தலைவரின் காதோரம் விசாரித்துக்கொண்டு போயிற்று. "போதுமா?" என்று டைல்ஸுக்குள் முனகல் கேட்டது.

"இன்னும் ஆசீர்வாதம் எறங்கலீங்கய்யா. அப்புடியே இருங்க."

பத்து நிமிடமாயிற்று. தூதுவருக்கு அலுத்துவிட்டது. எழுந்து வந்து, குனிந்து, தலைவரின் மூக்குக்குப் பக்கத்திலிருந்த டைல்ஸை நகத்தால் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அன்புசெல்வனிடம் உடைந்த ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். இந்தப் பூவின் அச்சு தங்கள் கம்பெனி மெஷினோடு வந்தது, பதினேழு பதினெட்டு வருஷத்துக்கு முந்திய டிசைன், குளியலறை, கழிப்பறைச் சுவர்களுக்கானது, ஓரத்தில் சாயம் கலங்கியிருப்பதால் இரண்டாம் தரம் என்பது அதன் சாரம். முனைவர் மைக்கைப் பிடித்தார்.

"தம் நாட்டவரின் கைவண்ணத்தைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டதாகத் தூதுவர் நெகிழ்ந்து சொல்கிறார்!"

மறுபடியும் கைதட்டல். கங்கம்மா மகனின் முழங்கையைத் தொட்டாள். "எழுப்பிவுடுடா. வயசானவரு."

"நம்ம நைனாவ எம்மா நேரம் நிக்க வச்சாரு?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

பதினொன்று முப்பதுக்கு யேசுதாஸ், "போதும். திருப்பிக்கினு போங்க" என்றான். இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். தலைவரின் நெற்றியில் நாலு டைல்ஸ் கூடுகிற இடம் கூட்டல் குறிபோல் பதிந்திருந்தது. சிலர் அதைச் சிலுவை என்று சொல்லிக் கும்பிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து, இக்னாசியோ கம்பெனியில் சொல்லிச் சிரித்தது சுற்றிச் சுற்றி அப்பாவு காதுக்கு வந்தது. முதல்முறையாக அவர் காலனிக்குள் கார் விட்டார்.

"டேய் ஏசு, அது உங்கப்பன் கல்லறையாடா?"

"நான் கார்த்திகைக்கு முன்னாடியே வந்து சொன்னேனுங்கய்யா. நீங்கதான் போவச் சொன்னீங்க."

"எல்லாத்தயும் ரத்து பண்ணிருவேன். பேப்பர்ல போட்ருவேன், நீ பிராடுன்னு."

"போடுங்கய்யா. சான்றிதழ்ல எதுவும் பொய் இல்ல, படிச்சிப் பாருங்க. ஒரே ஒரு பேஜாரு. பல்தசாரு இல்லன்னா, நீங்க வுழுந்து கெடக்குற போட்டோவுக்குக் கீழ யாரு பேரப் போடறது? மாவட்டம் பூரா மாட்டி வச்சிக்கீறீங்களே. அந்தோணி கால்ல அப்பாவுன்னு போட்ரலாமா?"

அப்பாவு வெகுநேரம் அவன் கண்ணைப் பார்த்தார். அதே பூனைக்கண். காரேறிப் போய்விட்டார்.

மன்றம் அவசரமாகக் கூடி, தோன் பல்தசாரின் கல்லறை ஐயத்துக்கு இடமின்றி தோன் பல்தசாருடையதே என்று இரண்டாம் முறையும் தீர்மானம் போட்டது. வேலி இருக்கிறது. அடுத்த கல்லறைத் திருநாளுக்குக் காலனி மொத்தமும் மெழுகுவத்தியோடு வந்தது. ஸ்டீபன் காக்கிச் சட்டையில் விறைப்பாக நின்று ஒவ்வொருவரையும், "பல்தசார் வகையறாவா?" என்று கேட்டு உள்ளே விட்டான். அவனுடைய பெரியப்பாவுக்குச் சமையல்காரர் பதவியிலிருந்து துணைக் கப்பித்தானாக உயர்வு கேட்டு மனு போட்டிருக்கிறான். கங்கம்மா நீலப் பூவின் நடுவில் மெழுகுவத்தி வைத்தாள். அன்று காற்று இல்லை.

அந்தோணியின் இறப்புச் சான்றிதழ் இன்னும் வரவில்லை.

டைல்ஸைப் பற்றி ஒரு சிறு தகவல். அது பதினேழு வருஷத்துக்கு முன் அப்பாவு வீட்டில் புதுக் கழிப்பறை கட்டியபோது வாங்கியது. மிஞ்சிய மூன்று பெட்டியை ஜானகியம்மாள் பின்கட்டு வழியாகக் கங்கம்மாவிடம் கொடுத்தனுப்பினாள். கழிப்பறையில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே வரும் சுவரில், இப்போதும் அதே நீலப் பூதான் இருக்கிறது. அப்பாவு தினமும் காலையில் அரைமணி நேரம் அதைப் பார்க்கிறார்.